26 மரை: மூடிப்போன கம்பெனிகளும் சாகாத சைக்கிள்களும்

ஒரு சைக்கிள் எப்போது சாகிறது? துருப்பிடித்தால் என்பீர்கள். இல்லை. துருவை உப்புத்தாளால் தேய்த்து பெயிண்ட் அடித்துவிடலாம். டயர் வெடித்தால் மாற்றலாம். பிரேம் உடைந்தால்கூட வெல்டிங் வைக்கலாம். கடைக்காரர் கையை விரித்து "இந்த சாமான் இப்ப வர்றதில்லப்பா" என்று சொல்லும் நாளில்தான் சைக்கிள் சாகிறது. அன்றைக்கு மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்தால், அடுத்து அது இறங்குவது காயலான் கடைக்குத்தான்.

சரி, இப்போது ஒரு புதிர். அட்லஸ் சைக்கிள் கம்பெனி தன் கடைசித் தொழிற்சாலையில் உற்பத்தியை 2020 ஜூன் 3-ல் நிறுத்தியது. (அன்றைக்கு உலக சைக்கிள் தினம். இதைவிடக் கொடுமையான தேதி கிடைத்திருக்காது!) அதற்கும் வெகுகாலம் முன்பே சென்-ராலே போய்விட்டது, ஹிந்த் சைக்கிள் போய்விட்டது. ஆனாலும் எங்கள் கீழ்பென்னாத்தூரில் ஒரு பழைய அட்லஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால், எந்தக் கடையிலும் அதற்கு பெடல் கிடைக்கும், செயின் கிடைக்கும், பிபி கப் கிடைக்கும். அதே கடையில், நாலைந்து வருடம் முன்பு வாங்கிய கியர் சைக்கிளை நிறுத்திப் பாருங்கள். கம்பெனி நன்றாகத்தான் இருக்கிறது, விளம்பரம்கூட வருகிறது. ஆனால் சாமான் இல்லை.

செத்த கம்பெனியின் சைக்கிள் ஓடுகிறது, உயிரோடு இருக்கும் கம்பெனியின் சைக்கிள் தொங்குகிறது. ஏன்?

நான் படிப்பது பி.காம். இன்ஜினியரிங் அல்ல. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டு போனால், பாதி லேத் பட்டறையிலும் பாதி எங்கள் வணிகவியல் பாடத்திலும் இருக்கிறது. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே.

மரை என்றால் என்ன, அதற்கு ஏன் வரலாறு?

ஒரு போல்ட்டில் சுற்றிச் சுற்றி வரும் கோடுதான் மரை. "மரை கழண்ட கேஸ்" என்று நாம் கிண்டலடிக்கிறோமே, அதே மரை. ஒரு அங்குல நீளத்தில் எத்தனை சுற்று இருக்கிறது என்று எண்ணுவார்கள். 24 சுற்று இருந்தால் 24 மரை, 26 இருந்தால் 26 மரை. போல்ட்டும் நட்டும் ஒரே கணக்கில் இருந்தால்தான் ஏறும்.

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டிக்கொண்டிருந்தது. ஒரு பட்டறை செய்த இயந்திரத்துக்கு இன்னொரு பட்டறையின் போல்ட் ஏறாது. 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர், நாடு முழுக்க ஒரே மாதிரி மரை இருக்கட்டும் என்று ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தார். ரயில்வே கம்பெனிகள் அதை எடுத்துக்கொண்டன. பிறகு மெல்ல மெல்ல எல்லோரும் வந்தார்கள்.

சைக்கிளுக்கு அந்த மரை கொஞ்சம் முரடு. மெல்லிய குழாயில் வெட்ட நெருக்கமான மரை வேண்டும். அதனால் இங்கிலாந்தின் சைக்கிள் பொறியாளர்கள் சேர்ந்து 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தங்களுக்கென்று தனி மரைக் கணக்கை உருவாக்கினார்கள். பெடல் சுற்றும் அச்சு உட்காரும் இடத்தை நம்ம ஊரில் 'பிபி' என்கிறோம். அதன் இரண்டு பக்கமும் திருகி வைக்கும் கிண்ணம்தான் பிபி கப். அதற்கு 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை என்பது பொது வழக்கமானது.

இந்த ஒற்றுமைக்கு பிஎஸ்ஏ கம்பெனியும் ஒரு காரணம். பெயரைப் பாருங்கள்: பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861-ல் துப்பாக்கி செய்ய ஆரம்பித்த கம்பெனி அது. போர்க்களத்தில் ஒரு துப்பாக்கியின் பாகம் உடைந்தால் இன்னொன்றிலிருந்து எடுத்துப் போட முடியவேண்டும். அந்தப் பழக்கத்தோடுதான் அவர்கள் சைக்கிளுக்கு வந்தார்கள். முழு சைக்கிள் மட்டுமல்ல, பாகங்களை செட் செட்டாகவும் விற்றார்கள். சின்னச் சின்னப் பட்டறைகள் அந்த செட்டை வாங்கி, பிரேம் கட்டி, தங்கள் பெயரை ஒட்டி விற்றன. நம் வீட்டு சைக்கிளில் பார்த்த அந்த மூன்று துப்பாக்கிச் சின்னத்துக்குப் பின்னால் இப்படி ஒரு கதை.

ராலேயின் தனி வழி

எல்லோரும் 24 மரைக்கு வந்தபோது ஒருத்தர் மட்டும் வரவில்லை. நாட்டிங்ஹாமில் இருந்த ராலே. 1888-ல் கம்பெனியான ராலே, 20-ம் நூற்றாண்டில் உலகத்தின் மிகப் பெரிய சைக்கிள் கம்பெனிகளில் ஒன்றானது. அவர்கள் பிபி கப்புக்கு 26 மரை வெட்டினார்கள். முன் போர்க் கப்புக்கும் அதே 26.

26-க்கும் 24-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? கணக்குப் போடலாம். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். 24 மரையில் ஒரு சுற்றுக்கு 1.058 மி.மீ. 26 மரையில் 0.977 மி.மீ. ஒரு சுற்றுக்கு வித்தியாசம் வெறும் 0.08 மி.மீ., தலைமுடி கனம்! ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் அது கூடிக்கொண்டே போகும். அதனால் சாதாரண கப்பை ராலேயில் திருகினால் முதல் ஒன்றிரண்டு சுற்று நல்லபிள்ளை போல ஏறும். பிறகு இறுகும். அப்போதும் விடாமல் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் கப் மரையும் போகும், பிரேம் மரையும் போகும்.

ராலேக்கு இதில் என்ன லாபம்? எங்கள் பாடத்தில் 'துணைப் பொருள்' என்று ஒன்று வரும். பேனா வாங்கினால் மை வாங்கித்தான் ஆகவேண்டும். அந்த மையை பேனா கம்பெனி மட்டுமே விற்றால்? ராலேயின் எண்ணம் இதுதான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு, ஏற்கெனவே இருக்கும் இயந்திரங்களை மாற்றுவதைவிட அப்படியே ஓட்டுவது மலிவு என்பதும் காரணமாக இருக்கலாம். எண்ணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். ராலே சைக்கிள் வைத்திருப்பவன் கப்புக்கு ராலேயிடமே போகவேண்டும். ராலே இருக்கும்வரை பிரச்சனை இல்லை. ராலே அதைச் செய்வதை நிறுத்திய பிறகு?

எங்கள் உறவுக்காரத் தாத்தா ஒருவர் வீட்டில் அப்படி ஒரு இங்கிலாந்து ராலே இருக்கிறது. பிபியின் இடது பக்க கப் தேய்ந்து, பெடல் மிதித்தால் கடக் கடக் என்று ஆடியது. ஊர்க் கடைக்காரர் கழற்றிப் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்: "தம்பி, இது வெள்ளைக்காரன் மரை. நம்ம கப்பு ஏறாது. ஏத்தினா பிரேம் போயிடும்." அவர் மரை கேஜ் வைத்துப் பார்க்கவில்லை, விரலால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துத்தான் சொன்னார். கடைசியில் திருவண்ணாமலையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனது. அங்கே பழைய அங்குலக் கணக்கு லேத். பல்சக்கரங்களை மாற்றிப் போட்டால் 26 மரையும் வெட்டும். இரும்புத் தண்டைக் கடைந்து வெளியே 26 மரை வெட்டி, உள்ளே சின்ன பேரிங் உட்காரும்படி குடைந்து, அச்சையும் அதற்கேற்றபடி கடைந்து கொடுத்தார்கள். ஓடுகிறது. ஆனால் கூலி? சாதாரண கப் செட் விலையைப்போலப் பல மடங்கு. அந்த 0.08 மில்லிமீட்டருக்கான வரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அம்பத்தூரும் அசன்சாலும் லூதியானாவும்

சுதந்திரத்துக்கு முன் நம் ரோட்டில் ஓடிய சைக்கிள்களில் பெரும்பாலானவை கப்பலில் வந்தவை. ராலே, ஹம்பர், பிஎஸ்ஏ, பிலிப்ஸ், ஹெர்குலிஸ்... எல்லாம் இங்கிலாந்து. சுதந்திரத்தை ஒட்டி, இனி இங்கேயே செய்யவேண்டும் என்று வந்தபோது மூன்று விதமான ஆட்கள் களத்தில் இறங்கினார்கள்.

முதலாவது, வெள்ளைக்காரக் கம்பெனியோடு கூட்டு. சென்னையில் முருகப்பா குடும்பத்தினர் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து 1949-ல் கம்பெனி தொடங்கினார்கள். அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள் வந்தது. அங்கே இருக்கும் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனை, அந்த இங்கிலாந்துக் கம்பெனியின் தலைவர் பெயரில்தான் இருக்கிறது. வங்காளத்தில் அசன்சால் பக்கம் சென்-ராலே வந்தது.

இரண்டாவது, சொந்தப் பெயரில் முழு சைக்கிள் செய்தவர்கள். பம்பாயில் ஹிந்த் சைக்கிள். அரியானாவின் சோனிபட்டில் 1951-ல் அட்லஸ்.

மூன்றாவது வகைதான் நம் கதைக்கு முக்கியம். இவர்கள் சைக்கிள் செய்து தொடங்கவில்லை. சைக்கிள் சாமான் விற்றுத் தொடங்கினார்கள். இப்போது பாகிஸ்தானில் இருக்கும் கமாலியா என்ற ஊரிலிருந்து வந்த முஞ்சால் சகோதரர்கள் 1944-ல் அமிர்தசரஸில் சைக்கிள் பாக வியாபாரம் ஆரம்பித்து, பிறகு லூதியானாவுக்கு வந்தார்கள். முதலில் பாக வியாபாரம், பிறகு பாகங்களைச் செய்வது, 1956-ல் முழு சைக்கிள். அதுதான் ஹீரோ. முப்பது வருடத்தில், 1986-ல், உலகத்திலேயே அதிகம் சைக்கிள் செய்யும் கம்பெனி என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

சாமான் வியாபாரி சைக்கிள் செய்தால் என்ன ஆகும்? அவனுக்கு எல்லா பிராண்டுக்கும் பொருந்துகிற சாமான்தான் வேண்டும். தனக்கென்று தனி மரை வைத்தால் தன் கடைச் சரக்கை யார் வாங்குவார்கள்? லூதியானாவில் தெருவுக்குத் தெரு சின்னப் பட்டறைகள். ஒருவர் பெடல் மட்டும், ஒருவர் மணி மட்டும், ஒருவர் மட்கார்டு கம்பி மட்டும். யாருமே முழு சைக்கிள் செய்வதில்லை. அதனால் எல்லோருக்கும் ஒரே அளவு தேவைப்பட்டது.

அரசாங்கம் செய்த இரண்டு காரியம்

இந்தத் தெருப் பட்டறைப் பழக்கத்தை அரசாங்கம் இரண்டு விதத்தில் கெட்டிப்படுத்தியது.

ஒன்று, தர நிர்ணயம். 1947-ல் தொடங்கிய இந்தியத் தர நிறுவனம் (நாம் ஐ.எஸ்.ஐ. முத்திரை என்று சொல்வோமே, அதே. 1987 முதல் அது பி.ஐ.எஸ்.) பிரேம், ரிம், ஹேண்டில்பார் என்று சைக்கிளின் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக அளவு வகுத்தது.

இரண்டு, சிறுதொழில் ஒதுக்கீடு. 1967-ல் 47 பொருட்களோடு தொடங்கிய திட்டம் இது. பட்டியலில் இருக்கும் பொருளைச் சிறு தொழிற்சாலைகள்தான் செய்யலாம், பெரிய கம்பெனி புதிதாக உள்ளே வரமுடியாது. பட்டியல் வளர வளர, சைக்கிள் பாகங்களில் பலவும் அதற்குள் வந்தன. (2015-ல் பட்டியலில் மிச்சமிருந்த கடைசி 20 பொருட்களையும் நீக்கிவிட்டார்கள்.) அதனால் பெரிய சைக்கிள் கம்பெனி பிரேமைச் செய்துகொண்டு, மற்ற சாமான்களில் பலவற்றை வெளியே வாங்கியது. ஹெர்குலிஸில் இருக்கும் பெடலைச் செய்த பட்டறையே அட்லஸ் பெடலையும் செய்திருக்கலாம்.

விளைவு, நம் கண் முன்னால் இருக்கிறது. வீட்டில் பெரிய கறுப்பு சைக்கிள் இருந்தால் போய் எண்ணிப் பாருங்கள். முன் சக்கரத்தில் 32 கம்பி, பின் சக்கரத்தில் 40 கம்பி. இது பழைய இங்கிலாந்துக் கணக்கு. இங்கிலாந்தே 36-36-க்கு மாறிய பிறகும் நாம் மாறவில்லை. செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவே அரை அங்குலம். பெடல் மரை அங்குலத்துக்கு 20. டயர் 28க்கு 1½. காற்று பிடிக்க வால்டியூப், அதாவது 1890-களில் வந்த உட்ஸ் வால்வு. எந்த பிராண்டானாலும் இதேதான்.

இதன் அருமை வாடகை சைக்கிள் கடையில்தான் தெரியும். மட்கார்டில் நம்பர் எழுதிய சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி, மணிக் கணக்கில் வாடகைக்கு விடுவார்களே, நம் அப்பாக்கள் எல்லாம் குரங்குப் பெடல் பழகியது அதில்தான். 7-ம் நம்பர் சைக்கிளின் பின் வீல் கோட்டம் என்றால், 3-ம் நம்பரின் வீலைக் கழற்றிப் போட்டு அனுப்பிவிடுவார் கடைக்காரர். சாயந்திரத்துக்குள் கோட்டம் எடுத்து அதை 12-ல் மாட்டுவார். எது எந்தக் கம்பெனி என்று அவருக்கே மறந்திருக்கும். துப்பாக்கிக்கு பிஎஸ்ஏ செய்ததை, மண்ணெண்ணெய் டப்பாவும் நாலு ஸ்பேனரும் வைத்துக்கொண்டு அவர் செய்தார்.

இனி கம்பெனிகள் போன கதை. சென்-ராலேயும் ஹிந்தும் நொடித்துப்போய், 1980-ல் பாராளுமன்றம் ஒரே சட்டத்தில் இரண்டையும் அரசுடைமை ஆக்கியது. இரண்டுக்கும் தனித்தனி அரசுக் கம்பெனி. பிறகு அவையும் மூடின. 2020-ல் அட்லஸ். ஒவ்வொன்றிலும் வேலை இழந்த தொழிலாளி உண்டு, அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் சைக்கிள் வைத்திருந்தவனுக்கு ஒரு நட்டுக்குக்கூட முட்டுப்பாடு வரவில்லை. அவன் நம்பியது கம்பெனியை அல்ல, அளவை.

இன்னொரு வேடிக்கை. ராட் பிரேக், 28க்கு 1½ டயர், காட்டர் பின் இதெல்லாம் இங்கிலாந்தில் பிறந்தவை. அங்கே அவற்றை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். இன்று அங்கே தாத்தாவின் சைக்கிளைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் இந்தியாவில் செய்த டயரையும் ராட் பிரேக் சாமானையும் வாங்குகிறார்கள். தாய்வீட்டில் செத்த பாகம் புகுந்த வீட்டில் உயிரோடு இருக்கிறது!

மறுபக்கமும் பேசவேண்டும் அல்லவா?

இவ்வளவு புகழ்ந்தால் "அப்போ எல்லாமே தேனும் பாலுமா?" என்று கேட்பீர்கள். இல்லை.

அளவு மாறவில்லை என்றால் சைக்கிளும் மாறவில்லை. அம்பது அறுபது வருடம் அதே கனம், அதே கறுப்பு, அதே பிரேக். மழையில் ராட் பிரேக் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பிரேக் இல்லை, வேண்டுதல். ஒதுக்கீட்டுப் பாதுகாப்பில் இருந்த சின்னப் பட்டறைகளுக்கு, நல்ல சாமான் செய்யவேண்டும் என்ற நெருக்கடி குறைவு. புது காட்டர் பின் வாங்கினால் அப்படியே ஏறாது. அரம் போட்டு ராவித்தான் ஏற்றவேண்டும். அளவு ஒன்று, தரம் பல.

தனி அளவு வைத்தாலே பாவம் என்றும் சொல்லமுடியாது. அதே ராலேக்குச் சொந்தமான ஸ்டர்மி-ஆர்ச்சர் கம்பெனி பின் சக்கர ஹப்புக்குள்ளேயே மூன்று கியர் வைத்தது. அதன் ஏடபிள்யூ என்ற மாடல் 1930-களில் வந்தது. உள்ளே இருக்கும் பாகங்களைப் பல பத்தாண்டுகள் பெரிதாக மாற்றவில்லை. அதனால் 1970-களின் ஹப்பிலிருந்து எடுத்த சாமானை 1950-களின் ஹப்பில் போடலாம். 2000-ல் நாட்டிங்ஹாம் தொழிற்சாலை மூடி, தைவானின் சன்ரேஸ் கம்பெனி அதை வாங்கி இயந்திரங்களை அங்கே கொண்டுபோனது. இருந்தும் பழைய ஹப்புகள் இன்னும் ஓடுகின்றன. ஒருவர் மட்டுமே செய்தாலும், அடிக்கடி மாற்றாமல், நிறையச் செய்திருந்தால் பிழைக்கும்.

கியர் வந்தது, பழைய கதை திரும்பியது

90-களில் நம் ஊருக்கும் எம்டிபி வந்தது. குட்டை டயர், நேர் ஹேண்டில், கலர் கலர் பெயிண்ட். பையன்களுக்கு கறுப்பு சைக்கிள் 'தாத்தா வண்டி' ஆனது. பிறகு கியர். அதோடு பழைய ராலே பிரச்சனை வேறு வேஷத்தில் திரும்ப வந்தது.

முதல் குழப்பம் டயரில். '26 டயர் குடுங்க' என்று கேட்டால் எந்த 26? லேடீஸ் சைக்கிளின் 26க்கு 1⅜ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மி.மீ. எம்டிபியின் 26க்கு 1.95 என்பது 559 மி.மீ. இரண்டுக்கும் பெயர் 26தான், ஆனால் 31 மி.மீ. வித்தியாசம். ஒன்று இன்னொன்றில் ஏறவே ஏறாது. 28-லும் இதே கதை: நம்ம கறுப்பு சைக்கிள் 635, வெளிநாட்டு ரோடு சைக்கிள் 622. அதனால் டயர் பக்கவாட்டில் '40-635' என்பதுபோல ஒரு எண் பொறித்திருக்கும். அதுதான் உண்மையான அளவு. அமெரிக்காவில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்த ஷெல்டன் பிரவுன் என்பவர் இந்த எண்களையும் ராலேயின் 26 மரைத் தலைவலியையும் இணையத்தில் பொறுமையாக எழுதி வைத்தார். 2008-ல் காலமானார். பழைய சைக்கிளுக்கு சாமான் தேடுகிற யாரும் உலகத்தில் அவர் பக்கத்தைத் தாண்டிப் போகமுடியாது.

இரண்டாவது, கியர் சாமான். ஜப்பானின் ஷிமானோ 1921-ல் பிரீவீல் செய்து தொடங்கிய கம்பெனி. இன்று கியர் என்றாலே அவர்கள்தான். நல்ல சாமான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களும் தனி வழி போய்ப் பார்த்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் டைனா டிரைவ் என்று ஒரு பெடல். உலகம் முழுக்க இருந்த பெடல் மரையை விட்டு, பெரிய ஓட்டை, தனி மரை. சில வருடத்தில் அதையே நிறுத்திவிட்டார்கள். அந்த கிராங்க் வைத்திருந்தவனுக்கு வேறு எந்தப் பெடலும் ஏறாது. 1996-ல் ஆக்டாலிங்க் என்று புது பிபி அச்சு. 2003-லேயே அடுத்த வடிவம் வந்துவிட்டது.

உள்ளூரில் பார்ப்பது இதைவிடச் சின்ன விஷயம்தான், ஆனால் வலி அதேதான். என் நண்பனின் கியர் சைக்கிளில் (கம்பெனி பெயர் வேண்டாம்) ஹேண்டிலில் இருக்கும் கியர் மாற்றும் பிளாஸ்டிக் சாமான் உடைந்துபோனது. அந்த மாடல் நின்றுவிட்டதாம். 'புது மாடல் பாருங்க சார்' என்றார்கள். பின் சக்கரத்தில் பிரீவீல் நன்றாக இருக்கிறது, பிரேம் புதுசு மாதிரி இருக்கிறது. கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக முழு சைக்கிளும் தொங்குகிறது. கடைசியில் எங்கள் ஊர்க் கடைக்காரர் கியரையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, கறுப்பு சைக்கிளின் ஒற்றைப் பல்சக்கர பிரீவீலைத் திருகினார். அச்சாக உட்கார்ந்தது! ஏன் தெரியுமா? திருகுகிற வகை பிரீவீலின் மரை, பிபி கப் போலவே அதே பழைய 1.37 அங்குலம், 24 மரை. கியர் சைக்கிளுக்குள்ளும் அந்தப் பழைய ஒப்பந்தம் ஒளிந்திருந்தது.

அப்போ சாமான் தேடுவது எப்படி?

கேட்டதும் பார்த்ததுமாக நான் சேர்த்து வைத்த நான்கு விஷயம்:

1. பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், அளவைச் சொல்லிக் கேளுங்கள். பழைய பாகத்தையே கையோடு எடுத்துப் போவது இன்னும் உத்தமம். டயர் என்றால் பக்கவாட்டு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

2. கப் ஏறுகிறதா என்று விரலால் மட்டும் திருகுங்கள். மூன்று சுற்று விரலால் போகவில்லை என்றால் ஸ்பேனரைத் தொடாதீர்கள். செயின் பக்கத்து கப் இடது மரை, எதிர்ப்பக்கம் சுற்றவேண்டும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். இடது பெடலும் அப்படித்தான்.

3. பளபள ஷோரூமில் தேடுவதைவிட முப்பது வருடக் கடையில் தேடுங்கள். மேல் தட்டில் அட்டைப்பெட்டிக்குள் விற்காத சரக்கு கிடக்கும். அதற்கு அடுத்தது காயலான் கடை.

4. எதுவும் இல்லை என்றால் லேத் பட்டறை. ஆனால் கூலியை முதலில் பேசிக்கொள்ளுங்கள் :-)

கடைசியாக ஒரு கவலை

தமிழக அரசு 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. 2005-ல் அது மற்ற பிளஸ் ஒன் மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது. எங்கள் சுற்றுவட்டார கிராமத்திலிருந்து கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கு வந்து படித்த எத்தனையோ அக்காக்களின் படிப்பு அந்த சைக்கிளில்தான் ஓடியது. டெண்டரில் எந்த வருடம் எந்தக் கம்பெனி ஜெயித்தாலும், பஞ்சர் கடையில் அதற்கு சாமான் இருந்தது. அவர்கள் யாரும் மரையைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். யோசிக்கவேண்டிய தேவை வராததுதான் அந்தப் பொது அளவின் வெற்றி.

இப்போது பேட்டரி சைக்கிள் வந்துகொண்டிருக்கிறது. ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொரு கம்பெனி சைக்கிளில் உட்காராது. பிளக் வேறு, கன்ட்ரோலர் வேறு, திரை வேறு. 1890-களில் ஆளுக்கொரு மரை வெட்டிக்கொண்டிருந்த இங்கிலாந்துப் பட்டறைகள் மாதிரியே. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, கைபேசி, வீட்டு உபயோகப் பொருள், மோட்டார் வாகனம் என்று நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டார்கள். சைக்கிள் அதில் இல்லை. சைக்கிளைப் பழுதுபார்க்க உரிமை கேட்கவேண்டிய நிலை வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும்.

எனக்குத் தோன்றுவது இதுதான். பேட்டரி சைக்கிள் கம்பெனிகளில் பாதி அடுத்த பதினைந்து வருடத்தில் இருக்காது. சென்-ராலேயும் ஹிந்தும் அட்லஸும் இல்லாமல் போனதுபோலத்தான். கம்பெனி போவதை யாராலும் தடுக்கமுடியாது. ஆனால் பேட்டரி பிளக்குக்கும் கன்ட்ரோலருக்கும் இப்போதே ஒரு பொது அளவு போட்டுவிட்டால், கம்பெனி போனாலும் சைக்கிள் ஓடும். போடாவிட்டால், எங்கள் தாத்தா மாதிரி ஒவ்வொருத்தரும் லேத் பட்டறைக்குப் போகவேண்டும். பேட்டரியை லேத்தில் கடைய முடியாது என்பதுதான் சிக்கல்.

உங்கள் வீட்டில் ராலேயோ ஹம்பரோ இருக்கிறதா? சாமான் எங்கே பிடித்தீர்கள்? தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள். அளவோடு எழுதினால் இன்னும் நல்லது. அடுத்து தேடுகிறவருக்கு உதவும்.